ஒரு நாளைச் சொல்லிடுங்க

முந்தின நாள் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோன மாமியார், காலையில் ஒன்றுமே நடக்காதது போலத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

யாருடைய பேண்டோ மடியில் கிடந்தது. கால் நீளத்தைக் குறைத்துத் தர வேண்டும். ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள், தவறியது. நுனியை எச்சில் தொட்டு முறுக்கி மறுபடி பார்த்தாள், மறுபடியும் தவறியது.

"குடுங்க அத்தை, நான் கோத்துத் தர்றேன்" என்றாள் மருமகள், சமையலறை வாசலில் நின்றபடி.

"வேண்டாம். எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்."

கண்ணில் கோளாறு இல்லைதான். அது இரவெல்லாம் மூடாத கண். மருமகளுக்கு அது தெரியும். அவளும் மூடவில்லை. இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த சுவர் மெல்லியது. ஒருத்தி புரண்டு படுத்தால் இன்னொருத்திக்குக் கேட்கும்.

அப்படி என்னதான் சொல்லிவிட்டாள் அந்த மருமகள்?

"வலி வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. ஒரு நாள் குறிச்சு ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்கன்னு டாக்டர்கிட்ட கேக்கப் போறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றான். மாமியார் மட்டும், "வேண்டாம்" என்றாள்.

"ஏன் அத்தை?"

"இடுப்பு போயிடும். நாலு பேர் கேட்டா என்ன சொல்றது? வேண்டாம்னா வேண்டாம்."

எழுந்து போய்விட்டாள்.

அந்தத் தெருவில் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாரும் தங்கள் பிரசவக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. தண்ணீர்க் குழாயடியில், கடை வாசலில், பஸ்ஸில் என்று எங்கே பார்த்தாலும் நிறுத்தி வைத்துச் சொல்லுவார்கள். மாமியார் மட்டும் தன் ஒரே மகன் பிறந்த கதையை ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொந்த அனுபவத்திலிருந்து ஒரு காரணம் சொல்லியிருந்தாலாவது மருமகளுக்கு மனம் ஆறியிருக்கும். இடுப்பாம், நாலு பேராம்!

மருமகளுடைய பயம் இடுப்பைப் பற்றியது இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மாதம் நிறைந்து நாளை எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில், உள்ளே அசைவு நின்றுபோனது. நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் மருந்து கொடுத்து வலியை வரவழைத்தார்கள். அதுதான் உடம்புக்கு நல்லது என்றார்கள். முழு வலியும் பட்டு, அழாத ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அந்த அறையில் கேட்ட ஒரே சத்தம் மேலே சுற்றிய மின்விசிறியுடையது.

அப்புறம் பேக்கரி வேலைக்குத் திரும்பினாள். கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதுவது அவள் வேலை. அந்த வட்டாரத்தில் அவ்வளவு அழகாக எழுத வேறு ஆள் கிடையாது. முதல் பிறந்தநாள் கேக்குகள் மட்டும் ஏனோ அவள் மேஜைக்கு வரவே இல்லை. கோணல்மாணலாக எழுதக்கூடிய தலைமை பேக்கர், அவற்றை ஓசையில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் கடவுள் உலகத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் மட்டும் அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒருவர் மனதை இன்னொருவர் நோகடித்துவிடக் கூடாது என்று மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூடி மூடி, இப்போது எதைப் பற்றியுமே பேச முடியாத வீடாகிவிட்டது அது.

இன்று டாக்டரைப் பார்க்கும் நாள். கணவன் லீவு சொல்லிவிட்டிருந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போது போன் அடித்தது.

தெருவில் அவனுக்கு மெக்கானிக் என்றுதான் பெயர். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"சொல்லுங்க... எத்தனை பேர் உள்ள?... ஒருத்தரா?... இன்னைக்கு லீவு சொல்லியிருந்தேனே... வேற யாரும் இல்லையா?... சரி. நான் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதை அப்படியே அவர்கிட்ட சொல்லிடுங்க. 'இதோ வந்துட்டார்'னு மட்டும் சொல்லாதீங்க."

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். பார்வையிலேயே மன்னிப்பு இருந்தது.

"போயிட்டு வாங்க. உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டு இருக்கார்ல" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

மாமியார் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "ஏன்டா, பாவம், ஒரு ஆறுதலுக்கு 'இதோ வந்துட்டான்'னு சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?"

"இல்லம்மா. இதோ இதோன்னு சொன்னா உள்ள இருக்கறவங்க ஒவ்வொரு நிமிஷமும் கதவையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. கொஞ்ச நேரத்துல உடைஞ்சு போயிடுவாங்க. முக்கால் மணி நேரம்னு தெரிஞ்சா கீழே உக்காந்துடுவாங்க. எவ்வளவு பெரிய நேரமா இருந்தாலும் பரவாயில்ல, எப்பன்னு தெரிஞ்சா மனுஷன் தாங்கிடுவான். தெரியாமதான் தாங்க மாட்டான்."

"பெரிய தத்துவம்" என்றாள் மாமியார். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பேண்டை மடித்து வைத்தாள். "நீ போ. நான் கூட்டிட்டுப் போறேன்."

மருமகளுக்குத் திக்கென்றது. வேண்டாம் என்று சொன்னவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

வாசல் கதவைச் சாத்தும் முன் மாமியார் உள்பக்கம் திரும்பி ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று தெரியவில்லை. ஆபரேஷன் கூடாது என்றுதான் வேண்டியிருப்பாள் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் கூட்டம். ஓர் இளைஞன் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு போனில் மூழ்கியிருந்தான்.

"தம்பி, பை எங்க இறங்கணும்?" என்று கேட்டாள் மாமியார்.

அவன் விழித்தான்.

"இல்ல, உக்காந்து வருதே, டிக்கெட் வாங்கியிருக்கும்னு நெனச்சேன்."

சுற்றிலும் சிரித்தார்கள். அவன் வெட்கப்பட்டுப் பையோடு தானும் எழுந்துகொண்டான். இரண்டு பெண்களுக்கும் இடம் கிடைத்தது. அப்போதுதான் மருமகள் கவனித்தாள், மாமியார் கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்து வந்திருக்கிறாள். சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. அதைச் சொல்லப்போனாலும் அது வேறு எங்காவது போய் முடியும்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த செக்யூரிட்டிக்கு இவர்களைத் தெரியும். இந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டையும் மெக்கானிக்தான் பார்த்துக்கொள்கிறான்.

"வாங்கம்மா! இன்னைக்கும் படியா? லிஃப்ட்காரர் வீட்டு ஆளுங்களே லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறீங்க. அப்ப நாங்க எந்த நம்பிக்கையில ஏர்றது?"

"நீ ஏன்ப்பா ஏறணும்? வாசல்ல நிக்கத்தானே உனக்குச் சம்பளம்" என்று சொல்லிவிட்டு மாமியார் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரின் அறை மூன்றாவது மாடி. இந்த முறை கர்ப்பமானதிலிருந்து ஒவ்வொரு தடவையும் மருமகள் படியேறித்தான் போயிருக்கிறாள். துணைக்கு வரும் மாமியாரும் கூடவே ஏறுவாள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. 'நடந்தா உடம்புக்கு நல்லது' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். தன்னுடைய வேலையில்தான் அவளுக்கு நம்பிக்கை இல்லையோ என்று மெக்கானிக்குக்குக்கூட உள்ளூர ஒரு வருத்தம் உண்டு.

மாமியாருக்கு முழங்கால் வலி. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, பையின் வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. மருமகளுக்கு மூச்சு சீராகும்வரை சரிசெய்துகொண்டே இருந்தாள். பிறகு, "ம், வா" என்றாள்.

அதே நேரத்தில் ஊரின் மறுகோடியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில், மெக்கானிக் லிஃப்ட்டின் கதவை இரண்டு தட்டுத் தட்டினான். எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் அவன் செய்கிற முதல் காரியம் இதுதான்.

"சார், நான் மெக்கானிக் வந்திருக்கேன். லிஃப்ட் கீழ விழாது, பயப்படாதீங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. கதவைத் திறக்க இருபது நிமிஷம் ஆகும்."

"இருபது நிமிஷமா?" உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல் வெடித்தது. "நான் யார் தெரியுமாய்யா? வக்கீல்! உங்க கம்பெனி மேல கேஸ் போடுறேனா இல்லையா பாரு!"

"போடுங்க சார். வெளிய வந்து போடுங்க. இப்ப கதவுல சாயாம உக்காந்துக்குங்க."

மெக்கானிக் மேல்மாடிக்குப் போய் வேலையைத் தொடங்கினான். நடுநடுவே கீழே குனிந்து, இப்போது என்ன செய்கிறேன், அடுத்து என்ன சத்தம் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்த குரல் இறங்கிவிட்டது.

"தம்பி... பேசிக்கிட்டே இரு. நிறுத்தாத. உள்ள ஒரே இருட்டு."

"பேசுறேன் சார். என்ன பேசறதுன்னுதான் தெரியல."

"எதையாவது பேசு. வீட்டுல யார் யார்?"

"அம்மா இருக்காங்க. வீட்டுக்காரிக்கு இது நிறைமாசம். இன்னைக்கு டாக்டர்கிட்ட போயிருக்கா."

"நீ ஏன்யா கூடப் போகல?"

"போகத்தான் சார் கிளம்பினேன். நீங்க மாட்டிக்கிட்டீங்க."

உள்ளேயிருந்து வக்கீல் சொன்னார்: "நிதானமா பண்ணு. முடிச்சதும் என் கார்லயே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். கேஸைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

மூன்றாவது மாடியில் கூப்பிடுவதற்குள் மருமகளுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. சுற்றிலும் பெரிய வயிறுகளோடு பெண்கள். ஒருத்தி துணிக்கடைப் பையைப் பிரித்துச் சின்னஞ்சிறு காலுறைகளைப் பக்கத்திலிருந்தவளுக்குக் காட்டினாள். மருமகள் வேறு பக்கம் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே அசைகிறதா என்று காத்திருந்தாள். அசைந்தது. மூச்சு வந்தது. அடுத்த அசைவுக்குக் காத்திருந்தாள். இதுதான் அவளுடைய பகலும் இரவும்.

டாக்டரம்மா நல்லவர். கண்ணுக்குக் கீழே அவருக்கும் கருவளையம். ராத்திரி பிரசவம் பார்த்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருப்பார் போல.

பரிசோதனை முடிந்தது. "இதயத் துடிப்பு அருமையா இருக்கு. எடை சரியா இருக்கு. தலை கீழ திரும்பியாச்சு. எல்லாம் நல்லபடியா இருக்கும்மா."

"டாக்டர்..."

"சொல்லுங்க."

சொல்ல வேண்டியதை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, படுத்துக்கொண்டு மேலே பார்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது ஒரு எழுத்துகூட வரவில்லை. பக்கத்து நாற்காலியில் மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நான்... எனக்கு..."

டாக்டர் கனிவாகச் சிரித்தார். "பயமா இருக்கா? இயற்கைதான். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். இன்னைக்கோ நாளைக்கோ, வலி தானா வரட்டும்."

மருமகளின் கை வயிற்றின் மேல் இறுகியது. தலை குனிந்துவிட்டது. இனி அவ்வளவுதான். எழுந்து போய்ப் படியிறங்க வேண்டும், வீட்டுக்குப் போய்க் காத்திருக்க வேண்டும்.

"டாக்டரம்மா."

மாமியாரின் குரல் அது.

"அவ ஒண்ணு கேக்க வந்தா. வாய் வரல. நான் சொல்லட்டுமா?"

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளுக்கு வலிக்குக் காத்திருக்க முடியல. ஒரு நாள் குறிச்சு ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்னு கேக்கறா. அவ தூங்கியே ரொம்ப நாளாச்சு. சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, வயித்துல கையை வச்சுக்கிட்டு, ராத்திரி முழுக்க முழிச்சிருக்கா. லேசா கண்ணு அசந்தா பதறி எழுந்திரிக்கறா. எனக்கு அந்தப் பக்கத்து ரூம்ல எல்லாம் கேக்கும்."

"நீங்க என்ன நினைக்கறீங்கம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இப்பவும் எனக்குப் பயம்தான்." மாமியார் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. இதே மாதிரி நிறைமாசத்துல தூக்கிட்டுப் போனாங்க. ஆபரேஷன்னாங்க. உள்ள போனவ உயிரோட வெளிய வரல. அந்தக் கதவுக்கு வெளிய நின்னது நான்தான். அது என் பயம் டாக்டரம்மா. என் பயத்தைத் தூக்கி இவ தலையில வைக்கக் கூடாதுல்ல? வயிறு அவளோடது."

எங்கிருந்தோ ஒரு கைக்குழந்தையின் அழுகை கேட்டு அடங்கியது.

"என் பையன் லிஃப்ட் மெக்கானிக்" என்று தொடர்ந்தாள் மாமியார். "உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட 'இதோ, இதோ'ன்னு சொல்லக் கூடாதும்பான். எவ்வளவு நேரம் ஆகும்னு உள்ளதைச் சொல்லிட்டா தாங்கிடுவாங்களாம். நான் இன்னைக்குக் காலையிலகூட அவனைக் கிண்டல் பண்ணேன். நீங்க இன்னைக்கோ நாளைக்கோன்னு சொன்னதும் இவ முகம் போன போக்கைப் பாத்தப்பதான் எனக்குப் புரிஞ்சது. இவளுக்கும் ஒரு நாளைச் சொல்லிடுங்க டாக்டரம்மா. அதுவரைக்கும் தாங்கிடுவா."

மருமகள் அழுதாள். சத்தமே இல்லாத அழுகை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இப்ப உங்க வாயால கேக்கணும் நான். உங்களுக்கு எதும்மா ரொம்பப் பயம்?"

இந்த முறை வார்த்தை வந்தது. "வலி வந்தா எனக்கு அந்த நாள்தான் திரும்ப வரும் டாக்டர். அதே வலி. அதே ரூம். கடைசியில சத்தமே இல்லாம... அதை இன்னொரு தடவை என்னால முடியாது. தினமும் ராத்திரி இன்னைக்குத்தான் நின்னு போகப்போகுதுன்னு நெனச்சுக்கிட்டே படுக்கறேன்."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உள்ளதைச் சொல்றேன், கேளுங்க. ஆபரேஷன் சுலபமான வழி கிடையாது. வயித்தைத் திறந்து தைக்கறோம். ரத்தப்போக்கு அதிகமாகலாம், புண்ணுல கிருமி சேரலாம், எழுந்து நடமாட நாளாகும், அடுத்த தடவை கர்ப்பமானாலும் அது ஒரு சிக்கலா வரலாம். ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். காத்திருக்கறதுலயும் அந்தச் சத்தியம் கிடையாது. காத்திருக்கறதா இருந்தா அடிக்கடி வரச் சொல்லி, ஸ்கேன் பண்ணி, கூடவே இருந்து பாத்துக்குவேன். அதுவும் ஒரு வழி. யோசிச்சீங்களா?"

"யோசிச்சுட்டேன் டாக்டர். அதைத் தவிர வேற யோசனையே இல்ல."

"சரி. மனசுல இருக்கற பயமும் உடம்புல இருக்கற நோய் மாதிரிதான். அதுவும் ஒரு காரணம்தான். ஆனா அந்தப் பயம் ஆபரேஷனோட போயிடும்னு நினைக்காதீங்க. மனநல டாக்டர் ஒருத்தர் கீழ இருக்காங்க. இந்த வாரமே அவங்களைப் பாருங்க. பைத்தியம்னு அர்த்தம் இல்ல. இவ்வளவு நாள் இதைத் தனியா சுமந்ததே போதும்."

பிறகு காலண்டரைப் பார்த்தார். "வலி தானா எப்ப வேணா வரலாம். நாமளா எடுக்கறதா இருந்தா குழந்தை முழுசா முதிரணும், அதுக்கு முன்னாடி எடுக்க மாட்டேன். இந்த மாசக் கடைசி வியாழக்கிழமை. காலையில. நானே பண்றேன்."

வியாழக்கிழமை. மருமகள் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டு வருடமாக வானத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கீழே இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தது.

"நடுவுல மனசு மாறினா அன்னைக்குக் காலையிலகூடச் சொல்லலாம். அசைவு குறைஞ்ச மாதிரி தோணினாலோ, வலி வந்தாலோ, எந்த நேரமா இருந்தாலும் உடனே கிளம்பி வாங்க. விடியட்டும்னு பாக்காதீங்க. தொந்தரவோன்னும் நினைக்காதீங்க. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

எழுந்துகொள்ளும்போது டாக்டர் மாமியாரைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, உங்க கழுத்துல டேப் இருக்கு."

மாமியார் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டாள். "பஸ்ஸுல இருந்து இப்படியேவா வந்தேன்? நீயாவது சொல்லக் கூடாதா?"

"நீங்க மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா அத்தை?" என்றாள் மருமகள்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"வயித்துப் பிள்ளைக்காரிகிட்ட போய்ச் சாவைப் பத்திப் பேசுவாங்களா? அதான் வேற காரணமாத் தேடினேன். ஒண்ணும் உருப்படியாக் கிடைக்கல."

"இடுப்பு போயிடும்னீங்க."

"பின்ன? அவசரத்துக்கு இடுப்புதான் கிடைச்சுது."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. களைத்துப்போன சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. அந்த வீட்டுப் பெண்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

எழுந்து படிப்பக்கம் திரும்பிய மாமியார் கைப்பிடியை இறுகப் பற்றியதை மருமகள் பார்த்தாள். ஏறியதே பெரிய காரியம். இன்று இறங்க அந்த முழங்காலால் முடியாது.

மருமகள் லிஃப்ட்டின் முன்னால் போய் நின்று பொத்தானை அழுத்தினாள்.

"வேண்டாம்மா, படியிலயே..."

"இதுலயே போயிடலாம் அத்தை." கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் ஏன் இதுல ஏறலன்னு உங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு இதுலதான் கீழ போனோம். வெறுங்கையோட. கூட ஏறின ஒருத்தி கையில பிறந்த பிள்ளை இருந்துச்சு. அழுதுக்கிட்டே வந்துச்சு."

"தெரியும்மா. மஞ்சள் துணியில சுத்தியிருந்தாங்க. நானும் உன் பக்கத்துலதானே நின்னேன்."

மருமகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை மாதம் ஒரு கேள்வி கேட்காமல், வலிக்கிற காலோடு மூன்று மாடியும் கூட ஏறியவள்.

கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. மாமியார் முதலில் காலை வைத்து, கையை நீட்டினாள். மருமகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கதவு மூடியது. லிஃப்ட் குலுங்காமல், சத்தமில்லாமல், பஞ்சைப் போல இறங்கத் தொடங்கியது. யார் கை வைத்த வேலை அது என்று இருவருக்கும் தெரியும்.

அந்த அமைதியில் மருமகளுக்கு ஒன்று தோன்றியது.

"அத்தை, உங்க தங்கச்சி போயிட்டாங்க. அந்தக் குழந்தை?"

மாமியார் மேலே ஒளிரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைப் பொழைக்க வச்சுட்டாங்க. துணியில சுத்தி என் கையிலதான் குடுத்தாங்க."

"இப்ப எங்க இருக்கு?"

"நல்லா இருக்கான்." பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "லிஃப்ட் ரிப்பேர் பண்றான்."

மருமகளின் பிடி இறுகியது.

"அவனுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்த மத்தவங்களும் உன் மாமனாரும் போய்ச் சேந்துட்டாங்க. இவ்வளவு நாளா நான் ஒருத்திதான். இனிமே நீயும்."

லிஃப்ட் நின்றது. கதவு விலகியது.

எதிரில் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ், நெற்றியில் ஒரு தீற்றல். படிப்பக்கம் ஓடப்போனவன், இவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றான். வாசலில் ஒரு பெரிய காரின் கண்ணாடி வழியே லிஃப்ட்டில் மாட்டியிருந்த அந்தத் தடித்த வக்கீல் கையாட்டிக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட்லயா வந்த?" என்றான் மனைவியிடம், நம்ப முடியாமல். அவன் முகம் முழுக்க மலர்ந்தது. "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"வியாழக்கிழமை" என்றாள் அவள். "மாசக் கடைசி வியாழக்கிழமை. அத்தைதான் எனக்காகக் கேட்டு வாங்கினாங்க."

"அம்மாவா!"

மாமியார் கட்டை விரலால் அவன் நெற்றியிலிருந்த கிரீஸை அழுத்தித் துடைத்தாள். அது போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் அம்மாவின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்ல சேதிதானே? அப்புறம் ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க? வேற என்னமோ இருக்கு. என்ன?"

மருமகளின் மணிக்கட்டை மாமியாரின் விரல்கள் பற்றின.

"ஒண்ணும் இல்லங்க" என்றாள் மருமகள். "வீட்டுக்குப் போனதும் சொல்றேன். இதோ."